நம்பிக்கை நீங்கியும் நீங்காத அச்சம்: ஜேம்ஸ் ஜோய்ஸின் ஸ்ரீபன் டெடலஸை முன்வைத்து

மதத்தைத் துறந்த ஒருவரிடத்து மதவச்சம் எஞ்சிநிற்பதைக் கோழைத்தனமென்றோ அரைகுறைப் பகுத்தறிவென்றோ ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்காளரிடையே உண்டு. மதத்தை வெறும் கருத்துத் தொகுதியாகக் கொள்வதன் விளைவே இது. மதம் கருத்து மாத்திரமேயாயின், கருத்து வீழ்ந்ததும் அச்சமும் வீழ்தல் வேண்டும். அவ்வாறு நிகழாமையை ஜோய்ஸின் ‘இளைஞனாகக் கலைஞனின் சித்திரம்’ (1916) என்னும் நாவல் துலக்கமாகக் காட்டுகின்றது.

இறுதி அத்தியாயத்திலே, பாஸ்காக் காலத்து நற்கருணையைப் பெறுமாறு தாய் கேட்டதை ஸ்ரீபன் மறுத்துவிடுகிறான். நம்பிக்கையிழந்தவனுக்கு அதைப் பெறுவதில் என்ன தடை என்று நண்பன் கிரான்லி துருவும்போது வெளிப்படுவது அச்சமே. இதனை எஞ்சிய நம்பிக்கை எனலாமோ? ஓரளவு எனலாம். ஆயினும் இறைவனின் தண்டனையைக் காட்டிலும், நூற்றாண்டுகளாகத் திரண்ட அதிகாரத்தின் குறியீடொன்றைப் பொய்யாக வணங்கின் தன்னகத்தே யாது நேருமோ என்றே அவன் அதிகம் அஞ்சுகிறான். அவனை அச்சுறுத்துவது தெய்வமன்று, வரலாறு.

இவ்வச்சம் எவ்வாறு ஊன்றப்பட்டது? கோட்பாடு எதனையும் அறியாத பருவத்திலேயே, மன்னிப்புக் கேளாவிடின் கழுகுகள் கண்ணைப் பிடுங்குமென அவன் மிரட்டப்படுகிறான். பின்னர் இயேசு சபையினரின் பாடசாலையில், தியான நாட்களின் பிரசங்கம் நரகத்தை இருளாகவும் நாற்றமாகவும் நெருப்பாகவும் புலன்களுக்கே உணர்த்துகிறது. 1845–49 பெரும் பஞ்சத்தின் பின்னர், சிறப்பாக 1852 முதல் 1878 வரை டப்ளின் பேராயராகவிருந்த போல் கலனின் காலத்தில், அயர்லாந்துத் திருச்சபை கல்வியிலும் குடும்ப வாழ்விலும் தன் பிடியை இறுக்கியமை ஈண்டு மனங்கொளத்தக்கது. பாடசாலை, பாவசங்கீர்த்தனம், தாயின் அன்பு ஆகியவற்றினூடாகப் பழக்கமாகிவிட்ட அச்சத்தைத் தருக்கம் மாத்திரம் களைந்துவிட முடியாது.

‘யுலிசிஸ்’ (1922) நாவலிலும் இடியோசை ஸ்ரீபனை நடுங்கவைக்கிறது. இறந்த தாயின் உரு மனந்திரும்புமாறு அவனை அழைக்கிறது. திருச்சபையை மறுத்தல் தாயையே மறுத்தலாகிவிட்டமையால், அச்சத்தோடு குற்றவுணர்வும் பிணைந்துவிடுகிறது.

புலம்பெயர்வும் கலையுமே ஸ்ரீபன் காணும் விடுதலை. அவ்விடுதலை தனிமனிதனுடையது, அச்சத்தை உற்பத்திசெய்த நிறுவனங்கள் அவன் நீங்கிய பின்னரும் நிலைத்திருந்தன. மத விமர்சனம் சமூக விமர்சனமாக வளரவேண்டுமென மார்க்ஸ் 1844இல் வற்புறுத்தியமையின் பொருத்தம் இங்குதான் புலப்படுகின்றது. ஆகவே, மதம் நீங்கியவரின் நடுக்கத்தை எள்ளுதல் பொருள்முதல்வாத நோக்காகாது. அந்நடுக்கத்தை உருவாக்கிய வீட்டையும் பாடசாலையையும் ஆராய்ந்து மாற்ற முனைதலே அந்நோக்கிற்குரிய பணியாகும்.