ட்ரைப்பின் வானம்

உறையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே மலைக்கோட்டை தெரியும். போன தை மாதம் ஒருநாள் விடிகாலையில் அதைப் படமெடுத்தேன். பிறகு கணினியில் உட்கார்ந்து மின்கம்பி, கேபிள் ஒயர், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொன்றாக அழித்தேன். அம்மாவிடம் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம தெரு எங்கடா?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் லின்னேயஸ் ட்ரைப்பின் படங்களை மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.

ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1856-ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். வடக்கே பெருங்கலகம் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. படங்களில் அதன் சுவடே இல்லை. ஊர் ஊராகப் போய் நிலக்காட்சி எடுப்பது என்றால் நமக்குச் சுதந்திரத்தின் உச்சம். அவருக்கு அது சம்பளத்துக்குச் செய்த அரசாங்க உத்தியோகம்.

வேலையின் கஷ்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். அப்போது பெரிதாக்கி அச்சிடும் வசதி கிடையாது. பதினைந்து அங்குலப் படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் பதினைந்து அங்குலம், கேமராவும் அதற்கேற்ற பெட்டி. காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், எடுத்தவுடன் கழுவ வேண்டியதில்லை என்பது பயணிக்குப் பெரிய வசதி. ஆனால் அது மந்தமான காகிதம். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் காட்டியாக வேண்டும். நடந்துபோகிறவர்கள் யாரும் அதில் பதிய மாட்டார்கள்.

ட்ரைப்பின் படங்களில் இருப்பதாகச் சொல்லப்படும் "காலம் கடந்த மௌனம்" இங்கிருந்துதான் பாதி வருகிறது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், கருவியின் குறைபாட்டை நாம் அழகியல் அம்சமாக வாசித்துவிட்டோம். அவர் மீது குற்றமில்லை, வாசிப்பில்தான் கோளாறு. அன்று அந்தத் தெருக்களில் ஆள் இருந்திருப்பார்கள்.

வானம் வேறு கதை. அந்தக் காகிதம் நீலத்துக்கு அதிகமாக மசியும், அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். பல நெகட்டிவ்களில் ட்ரைப் கையால் மேகம் வரைந்தார். எங்கள் வெக்காளியம்மனுக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான். அந்த ஊர்க்காரனுக்கு வரைந்த மேகம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அழகு இருக்கிறது, பருவம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை ட்ரைப்பின் உச்சம் இந்தக் காட்சிகளில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு விரித்தாரே, அதில் இருக்கிறது. அங்கே வானமும் மேகமும் இல்லை, "என்ன அழகு" என்று கேட்கும் ஆசையும் இல்லை. கல்லில் எழுத்து இருக்கிறது, அதை வரிசை குலையாமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமே அங்கு கலையாகிவிடுகிறது.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்றார். 1860-க்குள் கடையைக் கட்டியாகிவிட்டது. ட்ரைப் ராணுவ வேலைக்கே திரும்பினார். அவர் வந்தபோது மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 1987-ல்தான் 236 அடியாக எழுந்து முடிந்தது. அந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்த தலைமுறைகளுக்கு அதுவும் முழுமையான காட்சிதான்.

ட்ரைப்புக்கு மந்தமான காகிதம் என்ற காரணமாவது இருந்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பறவையின் சிறகைப் பிடிக்கும் கேமராவை வைத்துக்கொண்டு, தெருவில் இருப்பவர்களை நானே உட்கார்ந்து அழிக்கிறேன். எனக்கு என்ன காரணம்?

நேற்று பழைய கோப்பைத் திறந்தேன். மூலப்படம் அப்படியே இருந்தது. அக்காவின் கை கொடிக்கயிற்றில். அவர் தோளுக்கு மேலே, சின்னதாக, மலைக்கோட்டை. அதையே அம்மாவுக்கு அனுப்பினேன்.