பால் ஸ்கோஃபீல்ட்: ஒரு தவறான கணக்கு

நடிகர் இறந்த பிறகு மிஞ்சுவது படச்சுருள் மட்டும்தான், ஆகவே படங்களில் அதிகம் தோன்றாதவர் தன் திறமையை வீணடித்தவர் என்றொரு வாதம் பிரிட்டிஷ் நடிப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே செல்வாக்கோடு உலவுகிறது. அதற்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு. மேடையில் வளர்ந்தவர்கள் கேமரா முன்னால் எப்போதும் ஒரு படி கூடுதலாகவே நடிப்பார்கள். இங்கிலாந்துக்காரர்களிடம் இருந்தது குரலும் உச்சரிப்பும்தான், உண்மை என்கிற சரக்கு பிராண்டோவோடு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது என்பார்கள். நம் திரைப்பட விவாதங்களிலும் இதைக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இந்த இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று கவிழ்த்துவிடுவதை ஏனோ யாரும் கவனிப்பதில்லை. மேடைக்காரர் திரைக்கு லாயக்கற்றவர் என்றால், அவர் திரைக்கு வராமல் போனதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கணக்கில் அதிகம் அடிபட்டவர் பால் ஸ்கோஃபீல்ட். தலைசிறந்த பிரிட்டிஷ் நடிகர்கள் என்று போடப்படும் பட்டியல்களில் அவர் பெயர் விடுபட்டுப்போகும். இருந்தால், தாமஸ் மோராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகும். அந்த ஒற்றை வரி அவருக்கு இழைத்த அநியாயம் கொஞ்சமல்ல.

முன்கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். காரிக், கீன் என்று தொடங்கி, 1895இல் ஹென்றி இர்விங்குக்கு சர் பட்டம் கிடைத்ததோடு நடிகனுக்குச் சமூகத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. பிறகு மும்மூர்த்திகள்: கில்குட், ஒலிவியே, ரிச்சர்ட்சன். 1935இல் லண்டனில் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் கில்குட்டும் ஒலிவியேவும் ரோமியோ, மெர்குஷியோ வேடங்களை மாற்றி மாற்றிச் செய்தார்கள். ஒருவர் கவிதையைப் பேசினார், மற்றவர் உடம்பால் பேசினார் என்ற எதிர்நிலையை அன்று கண்டெடுத்த விமர்சகர்கள் முப்பது ஆண்டுகள் அதை வைத்தே பிழைப்பு நடத்தினார்கள். மூவரில் ஆகப் புதிரான ரிச்சர்ட்சன் கடைசிப் பெயராகவே நின்றுபோனார்.

ஒலிவியே வென்றார். 'ஐந்தாம் ஹென்றி', 'ஹாம்லெட்', 'மூன்றாம் ரிச்சர்ட்' என்று மூன்று ஷேக்ஸ்பியர் படங்களைத் தானே இயக்கி நடித்தவர் வெல்லாமல் எப்படி? அவருடைய மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பாராட்டைக் கேட்டு வாங்கும் மேதைமை. ஒட்டுமூக்கு, நொண்டல், புதிதாகத் தேடிப்பிடித்த குரல் என்று வேலைப்பாடு முழுக்க நம் கண்ணில் பட வேண்டும் அவருக்கு. 1965இல் படமாக்கப்பட்ட அவருடைய 'ஒதெல்லோ'வை இன்று பார்ப்பது கடினம். முகத்தில் பூசிய கறுப்புச் சாயம் போதுமான காரணம்தான். அதைத் தாண்டிப் பார்க்க முயன்றாலும், அவர் நடிக்காமல் இருக்கும் ஒரு நொடிகூடக் கேமராவுக்கு அகப்படவில்லை. மேடைக்காரர்கள் திரையில் கூடுதலாக நடிப்பார்கள் என்ற வாதம் பிறந்தது இவரைப் பார்த்துத்தான். அதை ஒரு மரபின் மொத்தக் குணமாக எழுதிவைத்ததுதான் பிழை.

ஸ்கோஃபீல்ட் 1922இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், சசெக்ஸில் ஒரு கிராமத்துத் தலைமையாசிரியரின் மகன். பதினேழு வயதில் பள்ளியை விட்டார். கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் பூட்ஸ் போட முடியாதென்று ராணுவம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலம் முழுக்க நாடகக் குழுக்களோடு சுற்றினார். 1943இல் நடிகை ஜாய் பார்க்கரை மணந்தார். பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரியில் பீட்டர் புரூக் என்ற இருபது வயது இயக்குநரைச் சந்தித்தது 1945இல். அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட். 1948இல் விக்டோரியா காலத்து உடைகளில் ஒரு ஹாம்லெட். அந்த வேடத்தை ராபர்ட் ஹெல்ப்மனோடு முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார். அழகான முகம், பாதாளத்தில் தொடங்கி எதிர்பாராத இடத்தில் விரிசல் விட்டு மேலேறும் குரல். இன்னொரு ஜான் கில்குட் கிடைத்துவிட்டார் என்று லண்டன் முடிவு கட்டியிருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

அந்த எதிர்பார்ப்பை அவரே உடைத்தார். நான் இழுத்துப் பேச விரும்பும் காலம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாடக வரலாற்றில் 1956 என்றதும் எல்லோரும் சொல்வது மே 8, ராயல் கோர்ட் அரங்கு, ஜான் ஆஸ்பர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்'. அன்றுதான் ஆங்கில மேடைக்கு உண்மை வந்தது என்பது பாடப்புத்தக வாசகம். அதற்குச் சில மாதங்கள் முன்பே பீனிக்ஸ் அரங்கில் புரூக்கும் ஸ்கோஃபீல்டும் ஒரு பருவகாலத்தைத் தொடங்கியிருந்தார்கள்: ஹாம்லெட், கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி', எலியட்டின் 'தி ஃபேமிலி ரீயூனியன்'. அந்த ஹாம்லெட் முன்னதாக மாஸ்கோவுக்குப் போய்வந்தது. புரட்சிக்குப் பிறகு அந்நகரம் பார்த்த முதல் ஆங்கிலக் குழு அது. ஆனால் திருப்பம் என்று நான் கருதுவது கிரீனின் கதையை. மெக்சிகோவில் வேட்டையாடப்படும் குடிகாரப் பாதிரியாராக முப்பத்து நான்கு வயது அழகர் மேடையேறினார். இளவரசனுக்குரிய குரலையும் நிமிர்வையும் கழற்றிவைத்துவிட்டு, ஒடுங்கிப்போன, பயந்த, கையாலாகாத ஒரு மனிதனாக நின்றார். ஆஸ்பர்ன் போன்ற கோபக்கார இளைஞர்கள் வந்து இறக்கிவைத்ததாகச் சொல்லப்படும் அலங்காரங்களை அதற்குள் ஒருவர் சத்தமில்லாமல் இறக்கிவைத்திருந்தார். அவரிடம் கொள்கை அறிக்கை எதுவும் இல்லை, அதனால் வரலாற்றில் இடமும் இல்லை.

அந்த வேடத்துக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 1961இல் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது பாதிரியாராக நடித்தவர் ஒலிவியே. இது ஒருமுறை நடந்த விபத்தல்ல. ஸ்கோஃபீல்ட் 1958இல் மேடையில் செய்த 'எக்ஸ்பிரஸ்ஸோ போங்கோ'வின் தரகர் வேடம் மறுவருடமே படத்தில் லாரன்ஸ் ஹார்வியிடம் போனது. 1966இல் 'ஸ்டேர்கேஸ்' நாடகத்தில் அவர் உருவாக்கிய ஓரினச் சேர்க்கையாளரான முடிதிருத்துநர், படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் ஆனார். 1979இல் நேஷனல் தியேட்டரில் 'அமேதியஸ்' அரங்கேறியபோது முதல் சாலியேரி ஸ்கோஃபீல்ட்தான். பிராட்வேயில் இயன் மெக்கெல்லன், 1984 படத்தில் முர்ரே ஆப்ரகாம், கடைசியில் ஆஸ்கர். நான்கு வேடங்களுக்கும் மேடையில் உயிர் கொடுத்தவர் ஒருவர், படச்சுருளில் இருப்பவர்கள் வேறு. மிஞ்சியதை வைத்து மட்டும் மதிப்பிடும் வரலாறு மூலத்தை விட்டுவிட்டுப் பிரதிக்குச் சன்மானம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி லியர். 1962 ஸ்ட்ராட்ஃபோர்ட். போலந்து விமர்சகர் யான் காட் ஷேக்ஸ்பியரை பெக்கெட்டோடு பக்கத்தில் வைத்துப் படித்தார் அல்லவா, அந்தப் பார்வையின் நிழல் புரூக்கின் தயாரிப்பில் உண்டு. வெறுமையான மேடை, மறைக்காத வெளிச்சம், துருவேறிய உலோகத் தகடுகள், தோல் உடைகள். கண்ணிழந்த குளோஸ்டருக்கு இரக்கம் காட்டும் வேலைக்காரர்களின் வரிகளைப் புரூக் வெட்டினார். பார்வையாளர் ஆறுதலடைய ஓர் இடம்கூடக் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். மரபான லியர், இடியோடு போட்டி போட்டுக் கத்தும் தெய்வாம்சமுள்ள கிழவர். ஸ்கோஃபீல்டின் லியர் முரட்டுக் குறுநில மன்னர். உடம்பில் வலு குறையாதவர், பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லாதவர். மூத்த மகள் கானரிலின் வீட்டில் மேசையைக் கவிழ்க்கிறார், அவரோடு வந்த வீரர்கள் அறையைச் சூறையாடுகிறார்கள். கானரில் சொல்லும் குறை நியாயம்தானே என்று நாடகத்தில் முதல்முறையாகத் தோன்றுகிறது. கதாநாயகன்மேல் இரக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு கதாநாயக நடிகர் சம்மதிப்பது லேசான காரியமல்ல. ஒலிவியேவால் முடியாத காரியம் என்றே நினைக்கிறேன். இரக்கத்தைத் தொடக்கத்திலேயே மறுத்துவிட்டதால்தான், பின்னால் பைத்தியத்தில் அந்தக் கரடுமுரடான குரல் ஓரிடத்தில் தளரும்போது நம்மால் தாங்க முடிவதில்லை. 2004இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்கள் வாக்களித்தபோது, ஷேக்ஸ்பியர் நடிப்பில் எக்காலத்திலும் சிறந்ததென்று அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த லியரைத்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மேடை நடிப்பு. 'மிஞ்சுவது படச்சுருள் மட்டும்தான்' என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இடையில் 1964இல் 'தி டிரெயின்'. பிரெஞ்சு ஓவியங்களைக் கடத்தப் பார்க்கும் ஜெர்மன் கர்னல். பர்ட் லங்காஸ்டர் படம் முழுக்க ஓடுகிறார், தாவுகிறார், உருள்கிறார், ஸ்கோஃபீல்ட் நிற்கிறார். நம் கண் யாரிடம் போகிறது என்பதைப் படத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாமஸ் மோரின் கதையான 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' மேடையில் 1960இல் லண்டனிலும் அடுத்த ஆண்டு பிராட்வேயிலும் ஓடியது. 1962இல் டோனி விருது கிடைத்தது. படமாக்கும்போது சினிமாச் சந்தையில் செல்லுபடியாகும் முகம்தான் கம்பெனிக்குத் தேவைப்பட்டது; இயக்குநர் ஃபிரெட் ஸின்னமன் ஸ்கோஃபீல்டை விட்டுக்கொடுக்கவில்லை. 1966ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கரில் ஆறு விருதுகள். சிறந்த நடிகருக்கான போட்டியில் தோற்றவர்களில் ரிச்சர்ட் பர்ட்டன் ஒருவர். ஸ்கோஃபீல்ட் விழாவுக்கே போகவில்லை, வெண்டி ஹில்லர் வாங்கிக்கொண்டார். படத்தைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. நாடகத்தில் ராபர்ட் போல்ட் எழுதியிருந்த சாமானியன் என்ற நக்கல்காரப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டதால் படம் கொஞ்சம் தேவாலய ஓவியம்போல் பளபளக்கிறது. ஆனால் பாத்திரமும் நடிகரும் இப்படிப் பொருந்துவது அபூர்வம். மோரின் சட்டத் தற்காப்பே மௌனம்தான். பேசாதவன் ஒப்புக்கொண்டான் என்றே சட்டம் கொள்ளும் என்று வாதாடி, அரசனின் திருமணம் பற்றி வாயே திறக்காமல் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். சொல்லாமல் வைத்திருப்பதே தன் கலை என்று வாழ்ந்த நடிகருக்கு இதைவிட வேறென்ன வேடம் வேண்டும்? தீர்ப்பு உறுதியான பிறகு அந்த மௌனம் உடையும்போது குரல் எங்கிருந்து கிளம்புகிறது என்று கேளுங்கள்.

ஆஸ்கருக்குப் பிறகு ஹாலிவுட்டுக்குப் பெட்டி கட்டவில்லை. 1967இல் 'மெக்பெத்' நாடகத்துக்குத் திரும்பினார். சர் பட்டத்தை மறுத்தார். பேட்டிகளைத் தவிர்த்தார். சசெக்ஸில் பால்கம் கிராமத்து வீட்டிலேயே இருந்தார். விரயம் என்று இதைச் சொல்கிறவர்கள் எதிர்ப்பக்கம் பர்ட்டனை வைத்துப் பார்க்கட்டும். பர்ட்டன் எல்லாவற்றையும் படச்சுருளில் விட்டுச்சென்றார். கில்குட் இயக்கிய 1964 ஹாம்லெட்கூடக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பிற்காலப் படங்களில் சிலது சாதாரணம். 'ஸ்கார்ப்பியோ'வைக் காப்பாற்ற அவராலும் முடியவில்லை. ஆனால் ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'குவிஸ் ஷோ'வில் (1994) கவிஞரும் பேராசிரியருமான மார்க் வான் டோரனாக வருகிறார். தொலைக்காட்சி வினாடி வினாவில் விடையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஜெயித்த மகன், வகுப்பறையில் அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை; புரிந்த பிறகும் அது முகத்துக்கு வந்து சேரச் சற்று நேரம் ஆகிறது. அந்தச் சற்று நேரத்தில்தான் நடிப்பு இருக்கிறது. எதிரில் நடித்த ரால்ஃப் ஃபைன்ஸ் திறமைசாலி, ஆனாலும் காட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவர் எடுத்துக்கொண்டுவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து 'தி குருசிபிள்' படத்தில் நீதிபதி டான்ஃபோர்த்: சூனியக்காரிகளைத் தூக்கிலிடும் வெறியனாக அவரைக் காட்டாமல், நடைமுறையில் அசையாத நம்பிக்கை வைத்த கனவானாகக் காட்டினார். பயம் அதனால் இரட்டிப்பாகிறது. அதே 1996இல் மேடையில் இப்சனின் 'யான் கேப்ரியல் போர்க்மன்'. 2008 மார்ச்சில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார், வயது 86.

பிரிட்டிஷ் நடிப்பு இன்று எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டால் என் பதில் ஒளிவுமறைவில்லாதது: காட்டும் மரபை விட்டுவிட்டு, உள்ளே வைத்திருக்கும் மரபைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் பெக்கி ஆஷ்கிராஃப்ட் உண்டு, இயன் ஹோம் உண்டு, ஜூடி டென்ச் உண்டு. 2015இல் 'வுல்ஃப் ஹால்' தொலைக்காட்சித் தொடர் வந்ததும் தாமஸ் மோர் வெறியர், அவரை வீழ்த்திய க்ராம்வெல்தான் நாயகன் என்று ஊர் திசை திரும்பியது. போல்ட்டின் நாடகமும் அதோடு சேர்த்துப் பழசென்று ஒதுக்கப்பட்டது. க்ராம்வெல்லாக நடித்த மார்க் ரைலன்ஸைக் கவனித்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். காட்சிக்குக் காட்சி அவர் ஓரத்தில் நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறார், எதையும் வெளியே விடுவதில்லை. கட்சி மாறியிருக்கிறது, நடிப்பு முறை ஸ்கோஃபீல்டுடையதுதான்.

புரூக் டென்மார்க்கின் குளிரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'கிங் லியர்' (1971) கிடைக்கிறது. மேடைத் தயாரிப்பு அப்படியே அதில் இல்லை, இசையும் இல்லை, கண்ணுக்கு இதமான ஒரு சட்டகம்கூட இல்லை. விமர்சகர் பாலின் கேல் அதை வெறுத்தார், நீங்களும் வெறுக்கலாம். இருந்தாலும் ஸ்கோஃபீல்டை அங்கிருந்து தொடங்குங்கள். தாமஸ் மோரை அதற்குப் பிறகு பாருங்கள். விசாரணைக் காட்சியில் மற்றவர்கள் பேசும்போது அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.