நோட்டீஸ் வந்தது, இடம் வரவில்லை

தாராவியில் என் அத்தை வீட்டு வாசலை முழங்கால் உயரச் செங்கல் கட்டு ஒன்று மறிக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் அதன்மேல் இன்னொரு வரிசை ஏறும். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், மாளாவில், அதாவது பரணில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். தாணேயிலிருந்து நான் போயிருந்த ஒரு மழைநாளில் அவர் கைபேசி திடீரென்று அலறியது. செய்தி மராத்தியில் இருந்தது.

"இது என்னல சொல்லுது?" என்று என்னிடம் நீட்டினார்.

"கனமழை வருதாம். வெளிய போகக் கூடாதாம்."

"உள்ள இருந்தா தண்ணி உள்ளயே வருதே, அப்பம் எங்க போக?"

அந்தச் செய்தியில் இதற்குப் பதில் இல்லை. பருவநிலை மாற்றம் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கும் பெரும் விவாதங்களும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு முன்பாகவே நின்றுவிடுகின்றன.

இரு நாடுகளும் இதற்கான சட்டத்தை ஒரே ஆண்டில் இயற்றின. சுனாமியின் ரணம் ஆறுமுன்பே, 2005 மே மாதம் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. டிசம்பரில் இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அங்கே மண்சரிவு என்பார்கள், இங்கே நிலச்சரிவு என்போம். எந்தப் பெயரில் வந்தாலும் அது முதலில் மூடுவது சரிவில் குடியிருக்கும் ஏழையின் கூரையைத்தான்.

இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, 2005 ஜூலை 26 அன்று மும்பை மூழ்கியது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. அதே நகரத்தின் தெற்கு முனையான கொலாபாவில் சுமார் 73 மி.மீ. மட்டுமே. மித்தி ஆறு பொங்கித் தாராவிக்குள் வந்தது. அன்று முதல் மும்பையின் விவாதம் பொறியாளர் மொழியிலேயே நடக்கிறது. எத்தனை மில்லிமீட்டர், எந்த நாலாவில் (வடிகாலில்) எவ்வளவு தூர் எடுத்தார்கள், பம்பிங் ஸ்டேஷன் எப்போது முடியும், ஒப்பந்தம் யாருக்கு என்று பேசுகிறோம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் கேமராக்கள் வந்துவிடும். 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி தன் பருவநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்பது அதன் இலக்கு. அதே மாதத்தில் மும்பையிலும் தாணேயிலும் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடையில் வந்த மழைக்காலங்களில், தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு மாநகராட்சி உறுப்பினர்கூட இல்லை.

இலங்கையின் விவாதம் வேறு பாதையில் போகிறது. 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கரையேறியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் மண்சரிவு குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டது. அதன்பின் வளிமண்டலவியல் திணைக்களம் எப்போது சொன்னது, அரசு எப்போது அசைந்தது என்று அரசியல் அரங்கில் வாக்குவாதம் எழுந்தது. கூடவே மொழியும் கேள்வியாயிற்று. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தப்படி அங்கே தமிழும் ஆட்சிமொழி. ஆனால் எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, அல்லது வராமலே போயின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. என் அத்தைக்கு மும்பையில் அந்தச் சட்ட உரிமை இல்லை. தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் இருக்கும் மலையகத் தாய்க்கு உரிமை இருந்தும் அது நடைமுறையில் கைக்கு எட்டவில்லை.

மொழி கிடைத்தாலும் போதாது என்பதற்கு இலங்கையின் மீரியபெத்தைத் தோட்டம் சாட்சி. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைப் பகுதியின் அந்தத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முன்பே சொன்னோம் என்றது அரசுத் தரப்பு. போக இடம் தரவில்லையே என்றார்கள் மக்கள். 2021 ஜூலை 18 அதிகாலை மும்பையின் செம்பூர் பாரத் நகரில் மழையில் சுவர் சரிந்து குடிசைகள்மேல் விழுந்தபோதும் இதே வழக்குத்தான் கேட்டது. மலைச்சரிவுக் குடிசைகளில் காலி செய்யச் சொல்லி ஆண்டுதோறும் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எங்கே போவது என்பது மட்டும் அதில் இருக்காது. இடம் கொடுத்தபோதும் எப்படிப்பட்ட இடம்? மும்பையின் தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்தில் இருந்தவர்களை மாகுலுக்கு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்துக்கு அனுப்பினார்கள். மூச்சு முட்டி அவர்கள் வழக்காடினார்கள். மாற்று இடமோ, மாதம் 15,000 ரூபாய் வாடகையோ கொடு என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இரு நாடுகளும் ஒன்றிடம் ஒன்று கற்கலாம். இலங்கையின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படி. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று பெயர் சொல்லி வரும். நமக்கு வருவது 'தாணே மாவட்டத்துக்கு ஆரஞ்சு'. அந்த ஒரு நிறம் கல்வா, மும்ப்ராவின் நெரிசலையும் ஷஹாபூர் மலையையும் சேர்த்தே மூடிவிடுகிறது. இந்தியாவிடம் கற்க ஒடிசா இருக்கிறது. 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேரை இழந்த அந்த மாநிலம் கடலோரம் எங்கும் புயல் காப்பகங்களைக் கட்டியது. 2013இல் பைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியது. இறந்தவர்கள் 50ஐத் தாண்டவில்லை. எங்கே போக வேண்டும் என்று அங்கே கடலோரக் கிராமங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். இனி வரும் மழை பழைய கணக்குக்கு அடங்காது. உமிழ்வைக் குறைப்பது நாடுகளின் நீண்ட வேலை. எச்சரிக்கையைத் திருத்துவது இந்த மழைக்காலத்துக்கு முன்பே முடிகிற வேலை.

அதற்கான பொருள் தாராவியிலேயே இருக்கிறது. மாநகராட்சி இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறது. மழைக்கால அவசரத்துக்கு மாநகராட்சிப் பள்ளிகளைத் தங்குமிடங்களாகக் குறித்துவைப்பதும் வழக்கம். பாடப்புத்தகத்தைத் தமிழில் கொடுக்க முடிந்த ஊரால் மூன்று வரி எச்சரிக்கையையும் தமிழில் கொடுக்க முடியும்: மழை எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு வர வேண்டும், கதவு எப்போது திறக்கும். அத்தை தன் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பள்ளி வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எங்கே போவது என்ற அவருடைய கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.