சங்கிலியை விட்டுப் புலியை எடுப்போர்: ‘வாழும் டைனோசர்’ சாட்சியங்கள் குறித்து

தொலைதூரக் காடுகளிலும் சதுப்பு ஏரிகளிலும் டைனோசரை ஒத்த விலங்குகள் இன்னும் உயிரோடு உலவுகின்றன என்னும் செய்திகளுக்கு அண்மைக் காலத்தில் புதியதொரு அரண் கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் இச்செய்திகளை நம்புவோர் காலடித் தடத்தையும் மங்கலான நிழற்படத்தையும் காட்டி வாதிட்டனர். இப்போதோ பூர்வகுடிகளின் அறிவை மதிக்க வேண்டும் என்றும், காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் கண்டதாகச் சொல்வதை நகரத்துப் படிப்பாளி மறுப்பது காலனியக் காலத்து இறுமாப்பின் எச்சம் என்றும் வாதிடுகின்றனர். தமிழர்களிடையே இவ்வாதம் யாளியின் உருவில் பரவுகிறது. கோயில் தூண்களில் நிற்கும் யாளி முன்னோர் நேரில் கண்ட விலங்கே என்று சொல்லப்படுவதோடு, அதை ஐயுறுவோர் முன்னோரைப் பழிப்போராகவும் சித்திரிக்கப்படுகின்றனர். இருப்பதாகப் பேசப்பட்டும் அறிவியலால் உறுதி செய்யப்படாத விலங்குகளைத் தேடும் முயற்சிக்கு மறைவிலங்கியல் என்று பெயர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், மறைவிலங்கியலின் மிகப் பெரிய குறையை மூடி மறைக்கவே பயன்படுகிறது.

அம்முயற்சிக்குரிய நியாயங்களை மறுப்பதற்கில்லை. ஓகாபி 1901இலும், கொமோடோ உடும்பு 1912இலும், வியட்நாம் மலைக்காட்டின் சாவோலா 1992இலும்தான் அறிவியலின் ஏட்டில் ஏறின. டைனோசர்களோடு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியது. பெரிய விலங்குகள் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பி வாழக்கூடும் என்பதும், ஊரார் அறிந்ததை அறிவியல் பிந்தியே அறிந்துகொள்ளும் என்பதும் இவற்றால் உறுதிப்படுகின்றன. பெர்னார்ட் ஹூவெல்மான் 1955இல் வெளியிட்ட பெருநூல் இத்தேடலுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது என்பதையும் ஏற்கலாம்.

ஆயினும் இந்த எடுத்துக்காட்டுகள் எவ்வாறு வெளிப்பட்டன என்பதைச் சற்று உற்று நோக்கினால், அவை வாழும் டைனோசருக்குச் சார்பாக நிற்கவில்லை என்பது விளங்கும். ஓகாபியைப் பற்றி முதலில் கிடைத்தவை கொங்கோ வனவாசிகள் பயன்படுத்திவந்த தோல் பட்டைகள். சாவோலாவின் கொம்புகள் வேட்டைக்காரர்களின் வீடுகளில் கிடந்தன. கொமோரோ தீவு மீனவருக்குச் சீலகாந்த் எப்போதாவது தூண்டிலில் அகப்படும், தின்பதற்கு அவ்வளவாக உதவாத ஒரு மீன். அவர்கள் அதற்குப் பெயரும் வைத்திருந்தனர். பூர்வகுடி அறிவு விலங்கைப் பற்றியதாக இருக்கும்போது அது தோலும் கொம்பும் சுவையுமாக, பிடிப்பதற்கான ஆழமும் பருவமுமாகப் பேசும். ‘வாழும் டைனோசர்’ சாட்சியங்களில் இல்லாமற்போவது இந்த அன்றாடத்தன்மையே. அந்த இடத்தை நிரப்புவது கேள்வி கேட்டவரின் கற்பனை.

மலேசிய வாசகருக்கு நெருக்கமான சான்று பகாங்கில் இருக்கிறது. 1994இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ், அதாவது உலகளாவிய ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ், இந்நாட்டின் முதல் இடமாகச் சேர்க்கப்பட்ட தாசேக் பெரா என்னும் சதுப்பு ஏரியின் கரையில் செமலாய் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் சொல்லும் ஏரிப் பெரும்பாம்பைத் தேடிச் சென்ற ஸ்டூவர்ட் வேவல் தம் பயணத்தை 1958இல் நூலாக வெளியிட்டார். ஓர் உரத்த ஒலியைக் கேட்டதாக எழுதிய அவர் விலங்கைக் காணவில்லை. செமலாய் வழக்கில் அந்தப் பாம்புக்குத் தலையில் கொம்புகள் உண்டு. வயது ஏற ஏற நிறம் மாறும். மனிதருக்குத் தீங்கு செய்யாது. பின்னால் வந்த தொகுப்பு நூல்களில் இச்செய்தி கைமாறக் கைமாற, நிறமாற்றம் ஓரத்துக்கு ஒதுங்கியது, கொம்புகள் மெல்ல மறைந்தன, நீண்ட கழுத்து மட்டும் நின்று நிலைத்தது. கடைசியில் அது பிளீசியோசோர் ஆயிற்று. பிளீசியோசோர் என்பது கடலில் வாழ்ந்த நெடுங்கழுத்து ஊர்வன, டைனோசர் இனத்தைச் சேர்ந்ததுகூட அன்று. தாசேக் பெராவின் கரிச்சதுப்பு சில ஆயிரம் ஆண்டுகள் வயதுடையது என்பதையும், அவ்வினம் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பாளர் அரியர். ஐந்து மீட்டர் வரை வளரும் நீண்ட மூக்கு முதலை அதே நீர்நிலையில் பதிவாகியிருப்பதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

செமலாய் மொழியோடு ஒரே கிளையைச் சேர்ந்த, தென் அஸ்லி எனப்படும் மொழிகளுள் ஒன்றைப் பேசுவோர் கிள்ளான் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே வாழ்கின்றனர். லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரிக்கும் கேரி தீவு தமிழருக்குச் செம்பனைத் தோட்டமாகவே பழக்கம். அதே தீவின் சுங்கை பும்புன் முதலிய கம்போங்குகளில் மா மெரி மக்கள் தங்கள் ‘மோயாங்’ எனப்படும் மூதாதை ஆவிகளை மரச்சிற்பங்களாகவும் முகமூடிகளாகவும் செதுக்குகின்றனர். அவற்றுள் பெயர்பெற்றது சங்கிலிப் புலி. அலையாத்திக் காட்டிலிருந்து கொணரும் ஞிரே பத்து என்னும் செந்நிற வன்மரத்தின் ஒரே கட்டையில் புலியும் அதன் சங்கிலியும் செதுக்கப்படுகின்றன. சங்கிலியின் வளையங்கள் எங்கும் ஒட்டப்படாமல், ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தனித்தனியே அசையும்படி உளியால் விடுவிக்கப்படுகின்றன. புலி, கண்டு அறிந்த விலங்கு. சங்கிலி, கேட்டு அறிந்த கதை. செதுக்குபவருக்கு இரண்டும் ஒரே மரம். ஒன்றை எடுத்தால் மற்றொன்று நிற்காது. சிலாங்கூர்க் கடற்கரையில் சங்கிலி பூண்ட புலி திரிந்ததற்கு இது சான்று என்று எவரும் எழுதியதில்லை, ஏனெனில் புலி எல்லோருக்கும் தெரிந்த விலங்கு. அங்கே செதுக்கப்பட்டிருப்பது கேட்பவருக்குத் தெரியாத உருவமாக இருந்திருந்தால், மறைவிலங்கியலார் சங்கிலியை வீசிவிட்டு உடலை மட்டும் அளந்துகொண்டு சென்றிருப்பர்.

இப்படிப் பிரித்தெடுப்பதற்கு அவர்கள் கையாளும் கருவி படப்புத்தகம். கொங்கோவின் மொக்கேலே-ம்பெம்பே என்னும் நீர்வாழ் உருவத்தைத் தேடி 1980களின் தொடக்கத்தில் லிக்குவாலா சதுப்புநிலத்துக்குச் சென்ற உயிரியலாளர் ராய் மக்கலும், அதற்கு முன்னரே காபோனில் உசாவிய முதலை ஆய்வாளர் ஜேம்ஸ் பவலும் ஊராரிடம் விலங்குப் படங்களைக் காட்டி அடையாளம் கேட்டனர். ஆப்பிரிக்காவில் இல்லாத கரடியின் படத்தைக் காட்டியபோது இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று காபோன் மருத்துவர் ஒருவர் சரியாகவே சொன்னார் என்பதை ஆதரவாளர் பெருமையோடு எடுத்துரைப்பர். அதே மருத்துவர், சௌரோபோட் எனப்படும் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி டைனோசரின் படத்தையும் கடல்வாழ் பிளீசியோசோரின் படத்தையும் ஒரே பெயரால் அழைத்தார் என்பதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஒன்று தூண் போன்ற கால்கள் கொண்டது. மற்றது துடுப்புகள் கொண்டது. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் விடை, விலங்கை அறிந்ததன் விடை ஆகாது. நீண்ட கழுத்து உள்ள படத்தை எதிர்பார்த்து நிற்கும் விருந்தினருக்குத் தரப்பட்ட விடை. பின்னாளில் பிபிசி படக்குழு ஒன்று கொங்கோ வனவாசிகளிடம் விலங்குநூலை விரித்தபோது அவர்கள் மொக்கேலே-ம்பெம்பே என்று சுட்டியது காண்டாமிருகத்தை. புத்தகம் மாறினால் விலங்கும் மாறுகிறது. 1983இல் தெலே ஏரியில் அவ்விலங்கைத் தாமே கண்டதாக அறிவித்த மார்செலின் அன்யான்யாவின் படச்சுருளிலும் பயன்படும்படி எதுவும் அமையவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாட்சியங்களில் வரும் டைனோசர் எலும்புகளில் உள்ள டைனோசர் அன்று. அந்தந்தக் காலத்து ஓவியத்தில் உள்ள டைனோசர். 1905 முதல் டிப்ளோடோக்கஸ் எலும்புக்கூட்டின் வார்ப்புகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அலங்கரிக்கத் தொடங்கின. விலங்கு வணிகர் காரல் ஹாகன்பெக் ஆப்பிரிக்கச் சதுப்பில் பாதி யானையும் பாதி பறவைநாகமுமான உருவம் உலவுவதாக எழுதியது 1909இல். சௌரோபோட்கள் தம் எடையைத் தாங்க மாட்டாமல் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தவை என்பது அன்றைய கருத்து. 1970களுக்குப் பின் அக்கருத்து கைவிடப்பட்டது. அவை வாலைத் தரையில் படாமல் உயர்த்தி வன்னிலத்தில் நடந்தவை என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் மொக்கேலே-ம்பெம்பே மட்டும் இன்றும் ஆற்றுநீரில் கழுத்தளவு மூழ்கியே கிடக்கிறது. உண்மையில் உயிரோடு இருக்கும் விலங்கு அருங்காட்சியகத்தின் பழைய பிழையைப் பின்பற்றி வாழ வேண்டிய தேவை என்ன?

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் அபதானி பள்ளத்தாக்கில், முன்னோர் சதுப்பை வடித்து நெல்வயல் ஆக்கியபோது புரு என்னும் நீர்விலங்கைக் கொன்றொழித்தனர் என்பது அம்மக்களின் குடியேற்றக் கதை. 1948இல் ரால்ப் இசார்டும் சார்லஸ் ஸ்டோனரும் உயிருள்ள புருவைத் தேடி அருகிலிருந்த ரிலோ பள்ளத்தாக்குக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினர். ஒரு சமூகம் தன் வயல் எப்படி வயலானது என்று சொல்லி வைத்திருந்த வரலாறு, ஒரு வேட்டைப் பயணத்தின் துப்பாகச் சுருங்கியதுதான் கண்ட பயன்.

ஆகவே, பூர்வகுடியை மதிப்பதாகச் சொல்லும் இவ்வழக்கமே அவர்களது பேச்சில் தனக்கு ஆகாதவற்றை வெட்டி எறிகிறது. எந்த மொழியில் கேட்கப்பட்டது, எந்தப் படம் முதலில் காட்டப்பட்டது, என்ன கூலி தரப்பட்டது, விடை முழுமையாக எப்படி இருந்தது என்னும் விவரங்கள் பெரும்பாலான நூல்களில் இல்லை. தேடிச் சென்றவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. மதிப்பு என்பது உண்மையாயின் அது எல்லாப் பேச்சுக்கும் பொருந்த வேண்டும். ஸ்ரீ குமும் என்னும் நாகம் உறைவதாகச் சொல்லப்படும் தாசேக் சினியில், 1995இல் கட்டப்பட்ட தடுப்பணை நீர்மட்டத்தை உயர்த்திக் கரைமரங்களைச் சாகடித்ததையும், இரும்புத்தாதுச் சுரங்கங்கள் ஏரியைக் கெடுத்ததையும் அங்குள்ள ஜக்குன் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த ஏரி அது. நாகத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை ஓடோடிக் கேட்டுக் குறித்துக்கொண்டோர், நீரைப் பற்றி அவர்கள் சொன்னதற்குக் காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

யாளிக்கும் இதே அளவுகோல்தான். மண்டபத் தூணில் யானைத் துதிக்கையும் சிங்க உடலும் பொருந்தும்படி கல்லை வகுத்த சிற்பியின் ஆற்றல், அதைக் காட்டில் கண்ட விலங்கின் படம் என்று சொல்லும்போது பாதியாகக் குறைகிறது. அவன் வெறும் படியெடுப்பாளன் ஆகிவிடுகிறான்.

பகாங்கில் டைனோசர் இருந்ததுண்டு. 2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஜப்பானிய ஆய்வாளரும் மலேசியாவில் கிடைத்த முதல் டைனோசர் புதைபடிவத்தை அறிவித்தனர்; அது கிரேத்தேசியக் காலத்தைச் சேர்ந்த, மீன் தின்னும் ஸ்பினோசோரிட் குடும்பத்து விலங்கின் பல், இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய நீளம். அந்தப் பல்லை எவர் வேண்டுமானாலும் மீண்டும் அளக்கலாம், மறுக்கலாம், வேறு குடும்பத்துக்கு மாற்றலாம். தாசேக் பெராவின் பாம்பைப் பற்றிய நூல்களில் அப்படி மீண்டும் அளப்பதற்கு எதுவும் இல்லை. அவற்றை விலங்கியல் சான்றாக ஏற்பதற்கு இடமில்லை.