கடற்கரை பேண்டு எந்தத் தாளை எடுக்க வேண்டும்?

கருவடிக்குப்பத்தில் இரண்டு பேருடைய நினைவு குடியிருக்கிறது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இங்கேதான் இருக்கிறது. சித்தானந்த சுவாமி கோயிலை ஒட்டி, பாரதி வந்து உட்கார்ந்த குயில் தோப்பும் இங்கேதான். ஒருவர் ஆயிரக்கணக்கான பேர் கூடிய நாடகக் கொட்டகைகளுக்குப் பாட்டு எழுதியவர். மற்றவர் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் இந்த ஊரில் வாழ்ந்து, கவிதையோடு சங்கீதத்தைப் பற்றியும் கட்டுரைகள் எழுதியவர். எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் அதே நாலைந்து கீர்த்தனைகளையே வித்துவான்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், கேட்கிறவனுக்கு அர்த்தமும் விளங்குவதில்லை என்று அவர் கோபப்பட்டார். வாத்தியக் குழுவின் பாட்டுப் பட்டியலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் அந்தக் கோபம்தான் நினைவுக்கு வருகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு பேண்டு வாத்தியம் அந்நியமான ஒலியில்லை. கடற்கரைச் சாலையில் காவல்துறை பேண்டு வாசிப்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஜூலை 14 அன்று பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் எதிரே இரண்டு நாட்டுப் பண்களும் அடுத்தடுத்து ஒலிக்கும் ஊர் இது. பள்ளிக்கூட பேண்டு, தேவாலய பேண்டு, கல்யாண பேண்டு என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பித்தளைச் சத்தம் தெரியும். இவ்வளவு பழக்கம் இருந்தும், பேண்டு மாஸ்டர் தன் அலமாரியைத் திறந்து எந்த நோட்ஸை எடுக்கிறார், ஏன் அதை எடுக்கிறார் என்பதை நாம் கேட்டதே இல்லை. குழுவின் தரத்தை வாசிப்பவர்களின் திறமையை வைத்தே அளக்கிறோம். பாதித் தரம் அந்த அலமாரியிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

நம் ஊர்ப்பக்கம் தாள் தேர்வு பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது. முதல் வழி, வெளிநாட்டில் அச்சான தரவரிசை இசைத்தாள்களை வாங்குவது, அல்லது யாரோ வாங்கியதை நகலெடுப்பது. இரண்டாவது, மக்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டைக் காதால் கேட்டு பேண்டு மாஸ்டரே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட் எழுதுவது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் ஆழமான குறையும் உண்டு.

இரண்டாவது வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நாம் அதிகம் கேட்பது அதைத்தான் என்பதால். கடற்கரையில் உட்கார்ந்து கேட்கிறவர் டிக்கெட் வாங்கி வந்தவர் இல்லை. சுண்டல் வாங்க வந்தவர், குழந்தையை நடக்கவிட வந்தவர். அவரை நிற்கவைக்கத் தெரிந்த மெட்டு வேண்டும். எம்.எஸ்.வி.யின் ஒரு பல்லவி கிளாரினெட்டில் எழுந்ததும் நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தத் திரும்பல் சின்ன விஷயமில்லை. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. கடற்காற்று மெல்லிய உள்குரல்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே குரலில் வாசிப்பது அறிவான முடிவுதான். சத்தம் தூரம் போகும், பாட்டு சிதறாது.

குறை எங்கே வருகிறது என்றால், இருபது பேரும் ஒரே வரியை வாசிக்கும்போது இருபது பேர் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. பி-ஃபிளாட் சுருதியில் பாட்டு நடந்தால் கிளாரினெட்காரருக்கு அதை ‘சி’யில் எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ‘ஜி’யில், ஹார்னுக்கு ‘எஃப்’பில். மாஸ்டர் இரவெல்லாம் உட்கார்ந்து செய்வது இந்த இடமாற்ற வேலையைத்தான். அது முடிந்ததும் வேலையே முடிந்ததாக ஆகிவிடுகிறது. யூஃபோனியத்துக்கு எதிர்மெட்டு இல்லை. டியூபா ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் ‘பூம் பூம்’ என்று ஊதிவிட்டு ஓய்கிறது. மூன்றாம் கிளாரினெட் நாற்காலியில் உட்கார்ந்த பையன் ஒரு வருஷம் கழித்தும் முதல் நாள் தெரிந்ததையே வாசிக்கிறான்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது இளையராஜா பாட்டுகளுக்கு நேர்கிற கதி. தன் பாட்டின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்டாஃப் நோட்டேஷனில் தானே எழுதுகிறவர் அவர். அவருடைய பேஸ் கிட்டார் வரி பாட்டின் அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடும். இடையிசையில் வயலின்களும் புல்லாங்குழலும் ஒன்றையொன்று துரத்திப் பேசும். பேண்டுக்கு எழுதும்போது இவையெல்லாம் உதிர்ந்து, பாடகர் பாடிய வரி மட்டும் மிஞ்சுகிறது. டியூபாவுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் அந்த பேஸ் வரியை டியூபாக்காரருக்குத் தராமல் விடுவதை சோம்பல் என்றுதான் சொல்வேன். சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை, அதன் கால்பங்கை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

முதல் வழிக்கு வருகிறேன். ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்து விற்கப்படும் மேல்நாட்டு பேண்டு இசைத்தாள்களில் ஒழுங்கு இருக்கிறது. தரம் ஒன்றில் ஆறேழு சுரங்கள், எளிய தாளம். மேலே போகப்போக சுர எல்லை விரியும், தாளம் சிக்கலாகும், தனி வாசிப்பு வரும். ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி வேலை இருக்கும். கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்கென்றே எழுதிய முதல் சூட் இன்றும் உலகமெங்கும் வாசிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கத்தில் டியூபாவும் யூஃபோனியமும் தரும் எட்டு அளவு மெட்டு, பிறகு குழு முழுவதும் கைமாறிக்கொண்டே போகும். பின்வரிசைக்காரர்தான் முதலில் பேசுகிறார். அப்படிப்பட்ட தாளை வாசித்த பையனுக்குத் தன் வாத்தியத்தின் மேல் மதிப்பு வரும்.

ஆனால் அந்தத் தரவரிசை வேறொரு ஊர்க் குழந்தைகளின் காதை வைத்துப் போடப்பட்டது. ஏழு எட்டு என்று தாளக்குறி போட்ட பாட்டை அவர்கள் மேல்தரத்தில் வைப்பார்கள். ‘தகிட தகதிமி’ என்று மிஸ்ர சாப்பைக் கையில் போட்டு வளர்ந்த நம் பிள்ளைக்கு அது விளையாட்டு. அவர்கள் கீழ்த்தரத்தில் வைக்கிற, மூன்று குரல் ஒன்றாக நின்று ஒலிக்கும் மெல்ல நகரும் தேவாலயப் பாட்டு நம் பிள்ளைக்கு மலையாக இருக்கும். பக்கத்து நாற்காலியின் சுரத்தோடு தன் சுரத்தை உரசிப் பார்த்து நிறுத்துகிற காது நம் சங்கீதப் பழக்கத்தில் வளர்வதில்லை. அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குகிற மாஸ்டர், குழுவுக்குத் தெரிந்ததைக் கடினம் என்று ஒதுக்கிவிட்டு, தெரியாததை எளிது என்று தலையில் கட்டுகிறார். ஒத்திகை ஏன் நகரவில்லை என்று யாருக்கும் புரியாமல் போவது இதனால்தான். இறக்குமதித் தாளின் விலையும் நகலெடுப்பதன் நேர்மைக் கேடும் தனிக் கதை. நம் குழுக்கள் நகலை விட்டொழிக்க வேண்டும் என்பதோடு அதை நிறுத்துகிறேன்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு பாதை தமிழ்நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டது. சென்னைக் கோட்டையில் கம்பெனிப் பட்டாள பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட இளம் முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்லும் அந்த உருப்படிகள் ஏறத்தாழ 40. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கில அரசரை வாழ்த்தும் பண்ணின் மெட்டு. ‘சியாமளே மீனாக்ஷி’யோ ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு. மோட்சார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதியதும் அதே மெட்டுக்குத்தான். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேல்நாட்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேல்நாட்டு இசைத்தாள்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. சின்னசாமி முதலியார் என்ற கிறித்தவத் தமிழர் 1893 வாக்கில் நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நோட்டேஷனில் அச்சிடத் தன் பொருளையெல்லாம் செலவழித்தார். பேண்டில் வந்த கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுக் கச்சேரி வாத்தியமாக ஆனது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட கத்ரி கோபால்நாத் அதில் ராகம் வாசித்துக் காட்டினார். கொடுக்கல் வாங்கல் இப்படி இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

அதனால் நம் கீர்த்தனைகளையெல்லாம் பேண்டுக்கு மாற்றிவிடலாம் என்று கிளம்பக் கூடாது. கோபால்நாத் செய்தது ஒருவர் செய்தது. ஒருவர் உதட்டிலும் விரலிலும் வருகிற கமகத்தைப் பதினாறு பேர் ஒரே நொடியில் ஒரே அளவில் அசைக்க முடியாது. தோடியும் சஹானாவும் பேண்டில் வேகவே வேகாது. சுரங்கள் அந்தந்த இடத்தில் நேராக நின்றாலும் அழகு கெடாத ராகங்கள் உண்டு: சங்கராபரணத்தின் நோட்டு வகை, கதனகுதூகலம், மோகனம். நாட்டுப்புற மெட்டுகள், காவடிச் சிந்து, நாடக மேடைப் பாட்டுகள் ஆகியவற்றில் பல இந்த இனம்தான். பேண்டுக்கு வசதியான இ-ஃபிளாட் நம் இரண்டரைக் கட்டை. நாகசுரம் நிற்கிற இடத்துக்குப் பக்கம். சுருதி ஒரு தடையே இல்லை.

வெளியூர் உதாரணம் ஒன்று சொல்ல வேண்டும். கொரியாவில் ராணுவப் பணியில் இருந்த ஜான் பார்ன்ஸ் சான்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே ‘அரிராங்’ என்ற நாட்டுப்பாட்டைக் கேட்டார். 1965இல் அதை வைத்து பேண்டுக்கு மாறுபாடுகள் எழுதினார். ஐந்து சுர மெட்டு அது, நம் காதுக்கு மோகனத்தின் சுரங்கள். மெட்டை அடியில் சொல்லி, தலைகீழாகத் திருப்பி, அணிநடையாக்கி, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார். கொரியப் பாட்டு உலகத்தின் பள்ளிக்கூட பேண்டுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நம் மெட்டு ஒன்றும் அப்படிப் போய்ச் சேரவில்லை. மெட்டு இல்லாமலா? மெட்டு எழுதியவர் கருவடிக்குப்பத்தில் துயில்கிறார்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை நான் பரிந்துரைப்பது ஊர்ப்பாசத்தால் இல்லை. ஆர்மோனியத்தோடு பாடப்பட்டவை அவை. கட்டைகளில் நின்று பழகிய பாட்டு பித்தளையில் நிற்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று கட்டப்பட்டவை என்பதால் கடற்காற்றுக்கும் அஞ்சாது. ‘காயாத கானகத்தே’ 1945இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் பாடி ஊரெங்கும் பரவியது. இன்றும் பெரியவர்கள் முதல் அடியிலேயே தலையாட்டுவார்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை இல்லை என்பது நம் சட்டம். அவர் மறைந்து நூறாண்டு ஆகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நகலெடுத்த குற்றவுணர்வும் வேண்டியதில்லை.

பேண்டு எந்தப் பாட்டை வாசிக்கலாம் என்று டெல்லியில் ஒரு சர்ச்சை நடந்தது. பாசறை திரும்பும் விழாவில் காந்திக்குப் பிடித்த ‘அபைட் வித் மீ’ பல்லாண்டுகளாக வாசிக்கப்பட்டது. 2022இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது அந்நியப் பாட்டு என்றார்கள் ஒரு சாரார், நம் நினைவோடு கலந்துவிட்டது என்றார்கள் மறுசாரார். அது நீக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இரண்டு தரப்பிலும் அதிகம் பேசப்பட்டது பாட்டின் பிறப்பைப் பற்றி. வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்த மாலை வேளையில் அது என்ன செய்தது என்பது பேச்சின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பிறப்பிடம் பார்த்துச் சேர்ப்பதும் பிறப்பிடம் பார்த்துத் தள்ளுவதும் தேர்வாகாது. நாளைக்கு ஒருவர் சங்கரதாஸ் மெட்டைத் தட்டையாக, ஒற்றைக் குரலில் எழுதிக் கொண்டுவந்தால் அதையும் ஒதுக்கத்தான் சொல்வேன்.

பேண்டு மாஸ்டர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பழக்கம். புதுத் தாள் கைக்கு வந்தால் முதல் கிளாரினெட் பார்ட்டைப் பார்க்காதீர்கள், அதில் மெட்டு எப்போதும் அழகாகவே இருக்கும். மூன்றாம் கிளாரினெட்டையும் டியூபாவையும் எடுத்துத் தனியாக வாசித்துப் பாருங்கள். அந்த இரண்டு நாற்காலிக்காரர்களும் பக்கத்தை முடித்தபின் எதையாவது கற்றிருப்பார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், மெட்டு எவ்வளவு பிரபலமானாலும், எழுதியவர் எவ்வளவு பெரியவரானாலும், அந்தத் தாள் இன்னும் தயாராகவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சியாமளே மீனாக்ஷி’யை நாலைந்து மாறுபாடுகளாக எழுதிக் கொடுங்கள். பிரெஞ்சு மெட்டுக்குத் தீட்சிதர் தந்த வடிவத்தை வாசிக்க இந்த ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்? சினிமாப் பாட்டை விடாதீர்கள், பேஸ் வரியோடு முழுசாக எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு நல்ல மேல்நாட்டுத் தாளைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 13 வருகிறது. வருகிற நவம்பரில், நான்கு குரலாக எழுதி நன்றாக ஒத்திகை பார்த்த சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு ஒன்றைக் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதியின் முன்னால் நின்று வாசியுங்கள்.