கல் பொறுக்கும் சண்டை

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' சுன்-லி ஒரு உதை விடுவார். அடுத்த அடிக்குள் உடை மாறியிருக்கும். 'ரெசிடென்ட் ஈவில்' நாயகி ஜில் வேலன்டைன் வேஷத்தில்கூட வந்து ஒன்று போட்டுவிட்டுப் போவார். உருண்டைத் தலை, குட்டிக் கை கால். 1997இல் கேப்காம் ஆர்கேடுக்கு விட்ட 'பாக்கெட் ஃபைட்டர்' வீடியோ கேம் இப்படித்தான் கண்ணில் படும். ஜப்பானுக்கு வெளியே ஆர்கேடில் இதற்குப் பெயர் 'சூப்பர் ஜெம் ஃபைட்டர் மினி மிக்ஸ்'. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கியவர்கள் அநேகம். அவர்கள் கோமாளித்தனத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்க்கவில்லை.

தரையில்தான் சிவப்பு, மஞ்சள், நீலக் கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொருவருக்கும் மூன்று ஸ்பெஷல் மூவ். மூவுக்கு ஒரு நிறம். அந்த நிறக் கல் சேரச் சேர மூவ் மூன்றாம் நிலை வரை ஏறும். எதிராளியை அடித்தால் கற்கள் சிதறும். சிதறுதேங்காய் மாதிரி, உடைத்தவருக்கே சொந்தம் என்றில்லை; முதலில் குனிந்தவருக்கு. அடி விழுந்ததும் இன்னொரு அடி போடலாமா, கல்லை அள்ளலாமா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

இந்த ஒரு விதி 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கணக்கையே மாற்றிவிடுகிறது. அங்கே ரியூவை எடுத்தவர் திரையின் ஓரத்தில் நின்றபடி ஹடோக்கென் என்ற ஆற்றல் பந்தை விட்டே எதிராளியைக் கரைத்துவிடலாம். இங்கே அப்படி நின்றால் அடி சேரும், கல் சேராது. பொறுக்க முன்னால் போயாக வேண்டும். போனால் மல்லன் சாங்கீஃபின் கைக்கு எட்டிவிடுவீர்கள். நெருங்க முடியாமல் திணறும் மல்லனுக்கு, எதிராளியே நடந்து வருவது எவ்வளவு பெரிய வரம்!

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தின் ஆறு பட்டனைக் குத்து, உதை, ஸ்பெஷல் என்று மூன்றாகச் சுருக்கியதும் இதற்காகத்தான் என்பது என் கணிப்பு. குத்தையும் உதையையும் மாற்றி மாற்றித் தட்டினாலே வேஷம் மாறும் காம்போ வந்துவிடுகிறது. விரல் வித்தைக்குப் போகும் கவனம் மிச்சமாகி, இடம்பிடிப்பதற்குப் போகிறது. தடுத்துக்கொண்டே காலம் தள்ளவும் முடியாது. ஸ்பெஷல் பட்டனை அழுத்திப் பிடித்து விடும் அடி தடுப்பை உடைத்துக் கற்களைக் கொட்டவைக்கும். அதே நேரம், அழுத்திப் பிடித்திருக்கும்போது நீங்களும் திறந்த வீடுதான்.

'பாக்கெட் ஃபைட்டர்' வருவதற்கு முந்தைய ஆண்டு செகா 'விர்ச்சுவா ஃபைட்டர் கிட்ஸ்' கொண்டுவந்தது. 'விர்ச்சுவா ஃபைட்டர் 2' கதாபாத்திரங்களுக்குப் பெரிய தலை வைத்தார்கள். சண்டை பெரும்பாலும் பழைய சண்டையே. சிரித்துவிட்டு மூலத்துக்கே திரும்பிவிடலாம். கேப்காம், அதே 1996இல் தன் 'சூப்பர் பஸில் ஃபைட்டர் 2 டர்போ'வுக்கு வரைந்த குட்டி உருவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கென்று ஒரு பொருளாதாரத்தையே உருவாக்கியது.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டத்தின் நடுவே விழும் பெட்டிகளிலும் கல் கிடைக்கும். நன்றாக ஆடியவரின் காலடியில்தான் பெட்டி விழும் என்று யார் எழுதிக் கொடுத்தது? எடுத்து வீசும் குண்டு வகையறாக்களும் உண்டு. கடுமையான போட்டிக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் ஆகாது. இன்னொரு சங்கடம் டான். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' தொடரில் அவர்தான் நகைச்சுவை நடிகர். பன்னிரண்டு பேருமே கோமாளிகளான இடத்தில் பாவம், அவருக்கு வேலையே இல்லை.

2022இல் வந்த 'கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்' தொகுப்பில் இதுவும் இருக்கிறது, இணையவழி மோதலோடு. புதிதாக ஆடுபவர்கள் சாங்கீஃபை எடுக்கலாம். ரியூவை எடுத்துப் பழைய பழக்கத்தில் பின்வாங்கிக்கொண்டே இருப்பவர்தான் சாங்கீஃபுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல எதிராளி.