பேய்க்குப் பெயர் உண்டு, செத்தவருக்கு இல்லை

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்திலுள்ள பான்கட் கோட்டை, இந்தியாவிலேயே பேய் நடமாட்டம் மிகுந்த இடம் என்று பெயரெடுத்தது. இருட்டிய பிறகு உள்ளே போனவர் திரும்பியதில்லை என்பார்கள். அரசாங்கமே பலகை வைத்து எச்சரித்திருக்கிறதே என்று சாட்சியும் சொல்வார்கள். தொல்லியல் துறையின் பலகை இருப்பது உண்மைதான். அந்தி சாய்ந்த பின்னும் விடியும் முன்னும் நுழையக் கூடாது என்கிறது. கூடவே, ஆடுமாடு மேய்க்கக் கூடாது, வளாகத்துத் தாழை மரங்களுக்குச் சேதம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. பேயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1573-இல் ஆமேர் அரசர் பகவந்த் தாஸ் உருவாக்கிய ஊர் அது. இளவரசி ரத்னாவதியை வசியம் செய்ய ஒரு மந்திரவாதி வாசனைத் தைலத்தில் மருந்து வைத்தானாம். அவள் அதைப் பாறைமேல் கொட்டிவிட, பாறை உருண்டு அவனையே நசுக்கியதாம். சாகும்போது அவன் இட்ட சாபத்தில் ஊர் அழிந்ததாம். 1783-ஆம் ஆண்டுப் பஞ்சம் மிச்சமிருந்த மக்களையும் விரட்டியது என்பது வரலாற்றுப் பக்கம் சொல்லப்படும் காரணம். மந்திரவாதியை எல்லாருக்கும் தெரிகிறது. பட்டினியில் போனவர்களை யாரும் கேட்பதில்லை. உலகின் பேர்பெற்ற பேய் வீடுகள் பலவற்றிலும் நடந்திருப்பது இதுவே.

சில பேய்கள் பத்திரிகையில் பிறந்தவை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் போர்லி என்ற சிற்றூரின் பாதிரியார் இல்லத்தைச் சுற்றி, உயிரோடு சுவரில் வைத்துப் பூசப்பட்ட கன்னியாஸ்திரீ ஒருத்தியின் கதை நெடுநாளாக உலவியது. 1929-இல் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் செய்தி வெளியிட, பேய் ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் அங்கே போனார். மணிகள் தாமாக அடித்தனவாம், கற்கள் பறந்தனவாம். 1937-இல் வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார்; இரவில் காவல் இருக்க ஆள் தேவை என்று ‘டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரமும் கொடுத்தார். 1939-இல் வீடு தீக்கிரையானது. மறு ஆண்டே ‘இங்கிலாந்திலேயே பேய் நடமாட்டம் மிகுந்த வீடு’ என்ற பெயரில் அவருடைய நூல் வந்தது. பிரைஸ் இறந்த பின், 1956-இல், அமானுஷ்ய நிகழ்வு ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த மூவர் சான்றுகளை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்து, பெரும்பாலானவை நிற்கவில்லை என்றும் சிலவற்றில் பிரைஸின் கையே இருந்திருக்கலாம் என்றும் எழுதினர். புகழ் மட்டும் குறையவில்லை.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள வின்செஸ்டர் மாளிகைக்கு 160 அறைகள். கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டும், திறந்தால் வெட்டவெளியில் விழவைக்கும் கதவும் உண்டு. துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்து விதவை சாரா வின்செஸ்டர், அந்தத் துப்பாக்கிகளுக்குப் பலியானவர்களின் ஆவிகளுக்குப் பயந்து, இரவுபகல் ஓயாமல் கட்டிக்கொண்டே இருந்தார் என்று கதை. அவருடைய கடிதங்களோ வேலையாட்களை மாதக்கணக்கில் அனுப்பிவிட்டு ஓய்வெடுத்ததைச் சொல்கின்றன. 1906 நிலநடுக்கத்தில் மேல்மாடிகளும் கோபுரமும் சரிந்தன. அவர் அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. போகுமிடம் இல்லாத வழிகள் பலவற்றுக்கு அதுதான் காரணம். 1922-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே வீடு கட்டணக் காட்சியாகிவிட்டது. துப்பாக்கி செய்து விற்ற கம்பெனியின் பாவத்தை, தனியாக வாழ்ந்த ஒரு பெண்ணின் பைத்தியமாக மாற்றிய கதை இது.

அப்படியானால் அங்கே போகிறவர்களுக்கு மயிர்க்கூச்செறிவது பொய்யா? இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதற்கு ஆய்வகச் சான்றே உண்டு. இங்கிலாந்தின் பொறியாளர் விக் டாண்டி, தம் வேலைக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் ஒன்று தெரிந்து உடல் சில்லிட்டுப்போனார். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த வாள்பயிற்சி வாளின் அலகு தானே அதிர்வதைக் கண்டு, காரணம் தேடினார். புதிதாகப் பொருத்திய காற்றுவெளியேற்றி விசிறி, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998-இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கும் முன்பு, 1921-இல், அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் காலடி ஓசையும் உருவங்களும் கண்டு நடுங்கிய ஒரு குடும்பத்தின் கதை வந்தது. பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவர்களுக்கு மெல்ல நஞ்சூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் விசிறியும் உலையும் நடுக்கத்தைத்தான் விளக்கும். நடுங்கியவர் எந்தக் கதையைச் சொல்கிறார் என்பதை ஊர் முடிவு செய்கிறது.

லூசியானா மாநிலத்தின் மர்ட்டில்ஸ் பண்ணை வீட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1796-இல் கட்டிய வீடு. இப்போது தங்கும் விடுதி. குளோயி என்ற அடிமைப்பெண் ஒட்டுக்கேட்டதற்காக எசமானர் அவள் காதை அறுத்தாராம். அவள் அரளி இலையைக் கேக்கில் கலந்து, எசமானியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கொன்றாளாம். சக அடிமைகளே அவளைத் தூக்கிலிட்டு ஆற்றில் எறிந்தார்களாம். அறுந்த காதை மறைத்த பச்சைத் தலைப்பாகையோடு இன்றும் உலவுகிறாளாம். ஆவணம் சொல்வது வேறு. எசமானி சாரா உட்ரஃப் 1823-இல் இறந்தார், மறு ஆண்டு ஒரு மகளும் ஒரு மகனும் இறந்தனர். மூவரையும் கொண்டுபோனது மஞ்சள் காய்ச்சல். குளோயி என்றொருத்தி அங்கே இருந்ததற்குப் பதிவே இல்லை. கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள்: கொன்றவள் அடிமை, செத்தவர்கள் எசமானர் வீட்டார், தண்டித்தவர்களும் அடிமைகள். அந்த வயல்களில் உழைத்தே மாண்டவர்கள் பேயாகக்கூட இடம்பெறவில்லை. வரலாற்றாசிரியர் டையா மைல்ஸ் 2015-இல் எழுதிய நூல், தென்மாநிலங்களின் பேய்ச் சுற்றுலா அடிமைமுறையின் கொடுமையை எப்படிப் பொழுதுபோக்காக்குகிறது என்பதை இத்தகைய வீடுகளை வைத்தே காட்டுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஜப்பானின் இஷினோமாக்கி நகரத்தினுடையது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலை அந்த ஒரு நகரில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டுபோனது. சில மாதம் கழித்து, கோடைத் தொடக்கத்தில், ரயில் நிலையத்தருகே குளிர்கால மேலங்கி அணிந்த பெண் ஒருத்தி டாக்சியில் ஏறினாள். மினாமிஹாமா பகுதிக்குப் போகச் சொன்னாள். அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே அம்மா என்றார் ஓட்டுநர். நான் செத்துப்போய்விட்டேனா என்று நடுங்கும் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. இப்படிப்பட்ட அனுபவங்களைப் பல ஓட்டுநர்கள் ஒரு பல்கலைக்கழக மாணவியிடம் சொன்னார்கள். மீட்டர் போட்டாயிற்று, இறங்கிய ஆள் இல்லாததால் கட்டணத்தைத் தம் கையிலிருந்தே கட்டினார்கள். பிறகு பயம் தங்கியதாக அவர்கள் சொல்லவில்லை. மறுபடி யாராவது கைகாட்டினால் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். இங்கே பேயும் செத்தவரும் ஒருவரே. ஊருக்கு அவரைத் தெரியும்.

ஆகவே பேய்க்கதையை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. அதன் வசூல் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829-இல் திறக்கப்பட்டது. அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் கைதியின் முகத்தை முக்காடிட்டு, மற்றக் கைதிகளின் முகமே காட்டாமல் தனிமையில் அடைத்த இடம். 1842-இல் சென்று பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் அதைக் கொடுமை என்று கண்டித்தார். 1971-இல் மூடப்பட்ட அந்தச் சிறையில் ஹாலோவீன் காலத்தில் டிக்கெட் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பணம் இடிந்துவந்த கட்டடத்தைப் பாதுகாக்க உதவியது. பகலில் அதே வளாகத்தில், அமெரிக்கச் சிறைகளில் அடைபட்டோரின் எண்ணிக்கை எப்படி ஏறியது என்பதைக் காட்டும் பெரிய எஃகு வரைபடம் நிற்கிறது. பேய் சம்பாதித்துக் கொடுக்க, கைதிகளின் கணக்கு வெளியே வருகிறது. மற்ற பேய் வீடுகளும் இந்த வழிக்கு வந்தால், பேய்களால் ஊருக்கு உபகாரம் என்றே சொல்லிவிடலாம்.